ஊற்றுவதற்கு முன் பாருங்கள்

(கார் வைத்திருப்போருக்காகக் கோவையில் நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார் வைத்திருக்கும் யாரையாவது நிறுத்தி, “கூலன்ட் எப்ப பார்த்தீங்க?” என்று கேளுங்கள். “போன மாசம் கொஞ்சம் குறைஞ்சிருந்ததுங்க, ஊத்திவிட்டுட்டேன்” என்பார். அதற்கு முந்தைய மாதமும் ஊற்றியிருப்பார், அடுத்த மாதமும் ஊற்றுவார். பெட்ரோல் தீர்ந்தால் போடுகிறோம், கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்தால் நிரப்புகிறோம். அந்தக் கணக்கிலேயே இதையும் சேர்த்துவிட்டார். நான் இன்று பேச வந்தது இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான். கூலன்ட் செலவாகிற சரக்கு கிடையாது. மூடிய சுற்றுக்குள் அதே திரவம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு விரற்கடை இறங்கினால் விட்டுவிடலாம். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அது எங்கே என்று பார்க்காமல் ஊற்றினால், எவ்வளவு குறைந்தது, எத்தனை நாளில் குறைந்தது என்கிற தடயத்தையும் நாமே அழித்துவிடுகிறோம்.

அந்த வழியைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மெக்கானிக் தேவையில்லை. டார்ச் விளக்கு, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, பழைய அட்டைப்பெட்டி, டிஷ்யூ பேப்பர், ஒரு பேனா போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அதுதான் கடையில் கிடைப்பதில்லை.

முதலில் இந்தத் திரவம் என்ன வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சத்தை இந்த நாலைந்து லிட்டர் திரவம் எஞ்சினிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் விட்டுவிட்டு வருகிறது. அதில் பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால், கூடவே துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள். “நம்ம ஊர்ல பனியா உறையுது, வெறும் தண்ணி போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. உறையாதுதான். ஆனால் இந்தக் கலவை 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், அலுமினியத்தை அரிக்கவும் விடாது. நமக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

அதற்கு மேல் ரேடியேட்டர் மூடி இருக்கிறது. வெறும் மூடி என்று நினைத்துவிடாதீர்கள். பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற அதே வேலையை அது செய்கிறது. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் இருக்கும். உள்ளே அத்தனை கிலோ அழுத்தம் ஏறும்வரை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். 1.1 அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை என்றால் 130 டிகிரியை நெருங்கிவிடும். எஞ்சின் சாதாரணமாக ஓடுவது 90 டிகிரியை ஒட்டி, ஃபேன் சுழல ஆரம்பிப்பது 95க்குச் சற்று முன்பின். கொதிநிலைக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம்தான் நம் பாதுகாப்பு. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தத் தூரம் சுருங்கிவிடும்.

இது அவினாசி ரோட்டில் ஓட்டும்போது தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும்போது தெரியும். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. வண்டியின் வேகமோ குறைவு, ரேடியேட்டருக்கு வரும் காற்றும் குறைவு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் வேறு இறங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். தளர்ந்த மூடி அந்த ஏற்றத்தில் தாங்காது. கூலன்ட் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பாய்ந்து, பாட்டிலும் நிரம்பி வெளியே வழியும். ஊர் திரும்பியதும் அளவு குறைந்திருக்கும், எங்கே தேடினாலும் ஒழுகல் இருக்காது. ஓட்டை இல்லாமலே கூலன்ட் குறையும் என்பதற்கு இது ஒன்று போதும். மூடியின் விலை சில நூறு ரூபாய். ரப்பர் வெடித்திருந்தாலோ, இறுகிக் கட்டையாகிவிட்டிருந்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பழைய மூடியில் இருக்கும் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். “பெரிய நம்பர் போட்டா இன்னும் நல்லதுங்க” என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். அதிகப்படி அழுத்தம் பழைய ஹோஸைப் பதம் பார்த்துவிடும்.

இப்போது வீட்டு வாசலுக்கு வருவோம். சோதனையைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் திரவம், அழுத்தம் விட்ட அந்த நொடியிலேயே ஆவியாக மாறி முகத்தில் அடிக்கும். கைத்துண்டைச் சுற்றிக்கொண்டு திறப்பதெல்லாம் வீரம் ஆகாது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடியில் கை.

உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். மாருதி 800, சான்ட்ரோ மாதிரியான வண்டிகளில் ரேடியேட்டரின் தலையிலேயே மூடி இருக்கும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தனியாக இருக்கும். ஐரோப்பிய வழி வந்த பல வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. தடித்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கும், திருகுமூடி அதன் மேலேயே இருக்கும். அந்தத் தொட்டியும் அழுத்தத்துக்குள் அடக்கம். இரண்டாவது வகையில் தொட்டியில் தெரிகிற அளவை நம்பலாம். முதல் வகையில் நம்பக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். சூடாகும்போது கூலன்ட் விரிகிறது, ஏறத்தாழ 4 சதவிகிதம். 5 லிட்டருக்கு 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளர் மூடியைத் தாண்டி, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகப் பாட்டிலுக்குப் போகும். இரவு எஞ்சின் குளிர்ந்து உள்ளே சுருங்கியதும், மூடியின் நடுவில் இருக்கும் குட்டி வால்வு திறந்து அதே டம்ளரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் இந்தப் போக்குவரத்து நடக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பழைய பெட்ரோல் வண்டி அடிக்கடி சூடானது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றினார்கள். சில வாரம் கழித்து இன்னொரு பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். பிறகும் சூடானது. “பாட்டில்ல ஃபுல்லா இருக்குதுங்க, ஒரு சொட்டு குறையல” என்று வண்டிக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஒரு காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே விரலை விட்டால் ஈரமே படவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய்களின் வாய் வறண்டு தெரிந்தது. பாட்டிலோ மேல் கோடு வரை நிரம்பி நின்றது. பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயை ரேடியேட்டர் கழுத்துப் பக்கம் விரலால் வளைத்தபோது, கிளிப்புக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வாய் திறந்தது. சூட்டில் கூலன்ட் அந்தக் குழாய் வழியே பாட்டிலுக்குத் தள்ளப்பட்டது. குளிரும்போது கூலன்டை இழுப்பதற்குப் பதிலாக வெடிப்பின் வழியே காற்றை இழுத்துக்கொண்டது. நிரம்பி வழிந்தது போக மீதி பாட்டிலில் நின்றது, எல்லோரும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். ஒரு முழம் குழாய் வாங்கிப் போட்டதோடு பிரச்சினை முடிந்தது. மூடியின் குட்டி வால்வு ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். அப்போது காலையில் மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகக் கிடக்கும். ஆகவே முதல் வகை வண்டிக்காரர்களே, பாட்டிலைப் பார்த்தால் போதாது, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ரேடியேட்டரைப் பாருங்கள். விளிம்பு வரை நிற்க வேண்டும்.

அளவைப் பார்த்தாயிற்று என்றால் குறித்து வையுங்கள். பாட்டிலின் பக்கத்தில் காகித டேப் ஒரு துண்டை ஒட்டி, திரவம் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். வண்டி அதே சமதளத்தில் நிற்க வேண்டும், காலை நேரமாக இருக்க வேண்டும். சரிவில் நிறுத்தினாலே கோடு மாறிவிடும். சாயங்காலம் சூட்டில் பார்த்தால் அந்த ஒரு டம்ளர் கூடத் தெரியும். இரண்டு வாரம் ஊற்றாமல் கவனியுங்கள். அளவு கீழ்க்கோட்டைத் தொட்டால் மட்டும் அளந்து ஊற்றி, எத்தனை மில்லி என்று டேப்பிலேயே எழுதிவிடுங்கள். சமீபத்தில்தான் கூலன்ட் மாற்றியிருந்தால் முதல் சில நாள் அளவு இறங்கத்தான் செய்யும். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெளியேறி, அந்த இடத்தைத் திரவம் நிரப்புகிறது. இறங்கி நின்றுவிட்டால் கவலை இல்லை.

அடுத்து இரவில் எஞ்சினுக்குக் கீழே அட்டையை விரித்து வையுங்கள். டிவி வாங்கிய பெட்டியைப் பிரித்தால் சரியாக இருக்கும். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஈரம் இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமில்லாமல், மணமில்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுத்தால் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு நிறத்தில், வழுக்கலாக, லேசான இனிப்பு வாசத்தோடு இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது விஷம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அட்டை காய்ந்து கிடந்தால் ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல வண்டிகளில் எஞ்சினுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது, சொட்டுகள் அதிலேயே தங்கிவிடும். சில ஒழுகல்கள் அழுத்தம் ஏறிய பிறகுதான் திறக்கும். அங்கிருந்து விழும் துளி சூடான எஞ்சின் மேல் பட்டு அப்படியே ஆவியாகிவிடும், கீழே வராது. ஆனால் கறையை விட்டுவிட்டுப் போகும். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி படிந்திருக்கும். நீங்கள் தேட வேண்டியது இந்தக் கறையைத்தான். இதற்கு நேர்மாறாக, குளிரில் மட்டும் ஒழுகுவதும் உண்டு. கிளாம்ப் தளர்ந்த ஹோஸ் விடியற்காலையில் சொட்டும். எஞ்சின் சூடானதும் எல்லாம் விரிந்து அடைத்துக்கொள்ளும். பகலில் பட்டறைக்குக் கொண்டு போனால், “ஒண்ணும் இல்லீங்களே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

எங்கெங்கே தேடுவது? ஹோஸ் ஒவ்வொன்றின் இரண்டு முனைகளும் முதலில். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி ஊதியிருந்தாலும், நொறுங்குகிற மாதிரி இறுகியிருந்தாலும் அதன் காலம் முடிந்தது. பிறகு ரேடியேட்டர். நடுவில் அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டையும் மடித்துப் பிடித்திருப்பார்கள். அந்த மடிப்பு ஓரம்தான் வயதானால் கசியும். தெர்மோஸ்டாட் மூடியைச் சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கைக்கண்ணாடியை நீட்டி, அதில் டார்ச்சை அடியுங்கள். சந்தேகமான மூட்டு எது என்று தோன்றினால், இரவு அதைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைக் கட்டிவிடுங்கள். காலையில் காகிதத்தில் நிறப்பொட்டு இருந்தால் அதுதான் இடம். வண்டியை எடுப்பதற்கு முன் காகிதத்தைக் கழற்ற மறக்காதீர்கள். கை உள்ளே இருக்கும்போது சாவியும் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலும் வண்டிகள் உண்டு.

வாட்டர் பம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உடம்பில், அடிப்பக்கம், ஒரு சின்னத் துளை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடாமல் அந்தத் துளை வழியே வெளியே வந்து எச்சரிக்கும். காய்ந்த லேசான தடம் பரவாயில்லை. கோடு போட்டு இறங்கியிருந்தால் பம்ப் விடை கேட்கிறது. எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை மணியின் நாக்கைப் பிடுங்குகிற வேலை அது. சில எஞ்சின்களில் பம்ப் டைமிங் பெல்ட் மூடிக்குள்ளே இருக்கும். அங்கே மூடியின் அடியில் ஈரம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கூலன்ட் ஊறிய பெல்ட் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதிவிடும்.

பலரும் மறக்கிற இடம் ஒன்று காருக்குள்ளேயே இருக்கிறது. ஹீட்டர். நம் ஊரில் அதை யாரும் போடுவதே இல்லை. ஆனால் டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது, கூலன்ட் அதற்குள்ளும் போய் வருகிறது. அது கசிந்தால் முன் இருக்கைக் கால் விரிப்பு நனையும், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி மூட்டம் படியும், உள்ளே இனிப்பு வாசம் வீசும். விரிப்பு நனைந்த உடனே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். தொட்டுப் பார்த்து, வழுக்குகிறதா, மணம் உண்டா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் தெரியவில்லை என்றால் அழுத்தச் சோதனை. கையால் அடிக்கும் பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த பெட்டி கடைகளில் கிடைக்கிறது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால் சுற்று கெட்டியாக இருக்கிறது. இறங்கினால் எங்கோ போகிறது. எஞ்சின் குளிர்ந்திருப்பதால் துளி ஆவியாகாது, வெளியில் ஒழுகுகிற இடம் கண்ணில் படும். இதற்கு டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாட்டிப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். இந்தச் சுற்று தாங்குவது 15, 16 பிஎஸ்ஐ. கம்ப்ரசர் அதைப் போலப் பல மடங்கு தள்ளும், ரேடியேட்டர் பிளந்துவிடும்.

முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை. அப்போதுதான் எஞ்சினுக்குள் சந்தேகப்பட வேண்டும். நம்மில் பலர் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். கூலன்ட் குறைந்தது என்றதும் “ஹெட் கேஸ்கட் போச்சு” என்று ஒரு குரல் வரும், வண்டிக்காரர் முகம் வெளுத்துவிடும். கேஸ்கட் போயிருக்கலாம். ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும்.

சைலன்சரில் தண்ணீர் சொட்டுவது சாட்சி ஆகாது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த காலையில் அது துளியாகச் சொட்டும், வெள்ளை ஆவியாகவும் வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கலையாமல், இனிப்பு வாசத்தோடு தொங்கினால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் பால்காப்பி நிறத்தில் பிசின் படிந்திருப்பதும் தனியாக நின்றால் சாட்சி ஆகாது. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடி, எஞ்சின் முழுச் சூடேறாத வண்டிகளில் மழைக்காலத்தில் அது சாதாரணம். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் பால் கலந்திருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

நல்ல சாட்சிகள் வேறு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது சூட்டில் ஏறிய அழுத்தமாக இருக்க முடியாது. சிலிண்டரின் வாயு உள்ளே நுழைகிறது. தொட்டியில் நிற்காமல் குமிழி வந்துகொண்டிருந்தாலும் அதுவே. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஆவி போகிறது. இன்னும் தீர்மானமான சோதனையும் உண்டு. நீல நிறத் திரவம் கொண்ட ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கிருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்ச வேண்டும். எரிந்த புகையின் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். கூலன்ட் அந்தக் குழாய்க்குள் ஏறிவிடாதபடி அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு செய்ய வேண்டும். இதையும் வீட்டிலேயே செய்யலாம்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் இ.ஜி.ஆர். கூலர் என்று ஒன்று இருக்கும். புகையைக் குளிரவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் அதன் உள்குழாய் வெடித்தால், கூலன்ட் அந்தப் புகையோடு கலந்து போய்விடும். வெளியில் ஒழுகல் இருக்காது, வெள்ளைப் புகை இருக்கும். பார்ப்பதற்கு அச்சாகக் கேஸ்கட் மாதிரியே இருக்கும். ஹெட்டை இறக்குவதற்கு முன் அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கேஸ்கட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. சின்ன ஒழுகலை மாதக்கணக்கில் ஊற்றி ஊற்றிச் சமாளித்து, ஒரு நாள் ஊற்ற மறந்து, எஞ்சின் கொதித்துத்தான் அது போகிறது. ஹெட் அலுமினியம். பிளாக் பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது, ஹெட்டும் வளைகிறது. வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பல எஞ்சின்களில் லேத்துக்குக் கொண்டு போய்த் தளம் எடுக்க வேண்டும். தலைமுடியின் தடிமனைவிட அது அதிகமில்லை.

மீட்டர் முள்ளை நம்பி உட்காரலாமா? கூடாது. இப்போதைய பல வண்டிகளில் முள் உண்மை அளவைக் காட்டுவதில்லை. கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. குளிரில் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். மோசமான விஷயம் இன்னொன்று. கூலன்ட் அடியோடு போய்விட்டால் சென்சார் திரவத்தில் நனையாமல் வெறும் ஆவியில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் இறங்கிக் காட்டும். ஓபிடி கருவி ஒன்றை வாங்கி மாட்டினால் கைபேசியில் உண்மையான டிகிரி தெரியும், மலை ஏறுகிறவர்களுக்கு அது உதவும். வழியில் சூடு ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். ஹீட்டர் வீசும் அனல் எஞ்சினிலிருந்து வெளியே வரும் அனல்தான். உள்ளே வியர்த்தால் வியர்க்கட்டும். கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற மட்டும் செய்யாதீர்கள்.

நம் ஊர் வைத்தியங்களையும் சொல்லாமல் விடக் கூடாது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களிடமிருந்து வந்தது. நடுக்காட்டில் நிற்கும் லாரியைப் பக்கத்து ஊர் வரை நகர்த்த அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. தூள் ஊறி ஓட்டையை அடைக்கும். ஆனால் எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் அடைக்கும். கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளுக்கும் இதே குணம் உண்டு. இன்னொரு வைத்தியம் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க” என்பார்கள். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடு ஏறியதற்கான காரணமோ அப்படியே இருக்கும்.

தண்ணீர் விஷயம். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புக் கட்டும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, ரேடியேட்டருக்கு அந்த ருசி தேவையில்லை. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் எந்தத் தண்ணீரும் சரி, ஊருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். கூலன்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த நிறம் எந்த வகை என்பதற்குப் பொது விதி கிடையாது. வண்டிக் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். டப்பாவில் இருப்பது நேராக ஊற்றுவதா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்றும் படித்துப் பாருங்கள்.

பட்டறைக்குப் போக வேண்டி வந்தால், “வண்டி ஹீட் ஆகுதுங்க” என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இத்தனை கிலோமீட்டரில் இத்தனை மில்லி குறைந்தது, அட்டையில் ஈரம் இருந்தது, அல்லது இல்லை, காலையில் ஹோஸ் இப்படி இருந்தது என்று அந்த டேப்பைக் காட்டிச் சொல்லுங்கள். எந்த உதிரியை மாற்றுவதாக இருந்தாலும், அதற்கு முன் அழுத்தச் சோதனை செய்து உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

விஷம் என்றேனே, அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதனால்தான் ஆபத்து. நாயும் பூனையும் தேடி வந்து நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். உடம்புக்குள் அது ஆக்சலேட் படிகமாக மாறிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கு ஆபத்துதான். தவறிக் குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தண்ணீர் பாட்டிலில் கூலன்டை ஊற்றி வைக்காதீர்கள். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். வண்டியோடு வந்தவர்கள் எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள், கூட்டம் முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்.